எபிசோட் 38: கலர் துணியைத் தனியாகத்தான் துவைக்கணுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை நீக்கி, கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.)

போன வாரம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. கல்யாணமாகி நாலு மாசம். துணி துவைக்கிற வேலையை ரெண்டு பேரும் முறை வைத்துச் செய்கிறார்கள். அவங்க முறை வரும்போது வெள்ளை, வெளிர் நிறம், அடர் நிறம், சிவப்பு என்று நாலு குவியல். கணவர் முறை வந்தால் ஒரே குவியல், ஒரே லோடு. "இப்போ வர்ற துணியெல்லாம் சாயம் போகாது, இது அந்தக் காலத்துப் பழக்கம்" என்பது அவர் கட்சி. "உங்க வெள்ளைச் சட்டை சாம்பல் கலராயிடுச்சு, பாருங்க" என்பது இவங்க கட்சி. யார் சொல்றது சரி?

பதிலை முதலிலேயே சொல்லிடறேன். ரெண்டு பேருமே பாதி சரி. நாலு குவியல் தேவையில்லை. ஒரே குவியலும் கூடாது. வெள்ளை தனி, மற்றதெல்லாம் ஒன்றாக, புதுசா வாங்கின அடர் நிறப் பருத்தித் துணி மட்டும் கொஞ்ச நாளைக்குத் தள்ளி. அவ்வளவுதான்.

ஏன் அப்படி என்பதுதான் இன்றைய எபிசோட். ஒரு துணி சாயம் விடுமா என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டிய விஷயம். அது கண்ணுக்குத் தெரியாது. நிறம் தெரியும். அதனால் தெரிகிற நிறத்தை வைத்துத் தெரியாததை ஊகம் செய்கிறோம். எங்க வேலையில் இதை ப்ராக்ஸி என்று சொல்வோம். பல சமயம் சரியாக வரும், சில சமயம் மொத்தமாகக் காலை வாரும். நாலு வருஷமா துவைக்கிற கருஞ்சிவப்புப் பாலியெஸ்டர் புடவை ஒரு சொட்டுச் சாயம் விடாது. நேற்று வாங்கின ஆகாய நீல நைட்டி பக்கெட் தண்ணீரையே நீலமாக்கும்.

சாயம் துணியில் எப்படி ஒட்டுகிறது?

"சாயம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அது துணியைப் பிடித்துக்கொள்கிற விதம் ஒன்றுக்கொன்று ரொம்ப வித்தியாசம். நாலு வகை தெரிந்தால் நம் அலமாரியில் இருக்கும் பெரும்பாலான துணிகளைப் புரிந்துகொள்ளலாம்.

முதல் வகை, டைரக்ட் சாயம். வெந்நீரில் சாயத்தைக் கரைத்து, உப்பு போட்டு, பருத்தியை முக்கினால் ஏறிக்கொள்ளும். சுலபம், மலிவு. 1884-ல் வந்த காங்கோ ரெட் இந்த வகையில் முதல். இதில் சாய மூலக்கூறுக்கும் இழைக்கும் நடுவில் உறுதியான வேதிப்பிணைப்பு கிடையாது. பக்கத்தில் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற மாதிரிதான். தண்ணீரும் சோப்பும் வந்தால் எழுந்து போய்விடும். நம்ம வீட்டு மஞ்சளும் பருத்தியில் இப்படித்தான் ஏறுகிறது. சாம்பார் கொட்டினால் உடனே பிடிக்கும், ஆனால் துவைத்து நாலு நாள் வெயிலில் போட்டால் மங்கிவிடும்.

ரெண்டாவது, ரியாக்டிவ் சாயம். இங்கிலாந்தில் ஐசிஐ கம்பெனியில் இயன் ராட்டி, வில்லியம் ஸ்டீபன் என்ற ரெண்டு வேதியியலாளர்கள் 1954-ல் கண்டுபிடித்து, 1956-ல் புரோசியான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இது பருத்தி இழையோடு நிஜமாகவே வேதிவினை புரிந்து அதன் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. சாதாரணத் துவையலில் அந்தப் பிணைப்பு அறுவது கடினம். இன்று டி-ஷர்ட், லெக்கின்ஸ், பருத்திச் சுடிதார் எல்லாம் பெரும்பாலும் இந்தச் சாயம்தான். "இப்போ துணியெல்லாம் சாயம் போகாது" என்று அந்தக் கணவர் சொன்னதில் உண்மை இருக்கு என்றேனே, அது இங்கே இருந்து வருகிறது.

மூணாவது, வாட் சாயம். நமக்கு நல்லாத் தெரிந்த உதாரணம் அவுரி நீலம், அதாவது ஜீன்ஸ். நீலம் தண்ணீரில் கரையாது. அதை வேதிமுறையில் கரையும் வடிவத்துக்கு மாற்றி, நூலை முக்கி எடுத்து, காற்றில் காட்டினால் மறுபடி கரையாத நீலமாகி இழைக்குள் மாட்டிக்கொள்கிறது. ஜீன்ஸ் நூலில் இது வெளிப்புறத்தில் மட்டும்தான் படிகிறது, நடுவில் வெள்ளை அப்படியே இருக்கும். ஒரு ஜீன்ஸ் நூலைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். அதனால் உரசினால் நீலம் உதிரும். புது ஜீன்ஸ் போட்டு வெள்ளை சோபாவில் உட்கார்ந்தால் நீலத் தடம் வருவது இதனால்தான்.

நாலாவது, டிஸ்பர்ஸ் சாயம். பாலியெஸ்டருக்கானது. பாலியெஸ்டர் இழை ரொம்ப இறுக்கமானது. அதற்குள் சாயம் நுழைய, அழுத்தத்தில் ஏறக்குறைய 130 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். ஆறினதும் இழை மூடிக்கொள்ளும், சாயம் உள்ளேயே சிறை. 130 டிகிரியில் உள்ளே போனது, குழாய்த் தண்ணீரில் சுலபமாக வெளியே வராது. பள்ளிச் சீருடை, விளையாட்டு ஜெர்சி, டெர்ரிகாட்டன் பேண்ட் எல்லாம் கவலைப்படாமல் ஒன்றாகப் போடக்கூடிய ரகம்.

அப்போ ரியாக்டிவ் துணி ஏன் சாயம் விடுது?

நியாயமான கேள்வி. இழையோடு பிணைந்துவிட்டது என்றால், போன மாசம் வாங்கின கருப்பு டி-ஷர்ட் ஏன் தண்ணீரைக் கருப்பாக்குது?

ரியாக்டிவ் சாயத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. அது பருத்தியோடு மட்டும் வினை புரியாது, தண்ணீரோடும் புரியும். சாயத் தொட்டியில் தண்ணீர்தானே அதிகம்? சாயத்தின் ரகத்தையும் செய்முறையையும் பொறுத்து 20 முதல் 40 சதவீதம் வரை கூட இழையோடு பிணையாமல் தண்ணீரோடு பிணைந்து வீணாகிவிடும். வீணான சாயம் தொட்டியில் மட்டும் நிற்காது, துணி மேலேயும் ஒட்டிக்கொண்டு இருக்கும். பார்க்க ஒரே நிறம், ஆனால் பிடிப்பு இல்லாத சாயம்.

இதை நீக்க, சாயம் ஏற்றின பிறகு துணியை மறுபடி மறுபடி அலச வேண்டும். குளிர்ந்த நீரில் ஒரு முறை, கொதிநிலைக்குப் பக்கத்தில் சோப்பு போட்டு, மறுபடி வெந்நீர், மறுபடி அலசல். சாயம் ஏற்றும் வேலையில் தண்ணீர், நீராவி, நேரம் எல்லாம் அதிகம் விழுங்குவது இந்தக் கட்டம்தான். நிறம் அடர்த்தியாக ஆக, போடும் சாயமும் கூடுகிறது, மிஞ்சும் சாயமும் கூடுகிறது. கருப்பு, நேவி ப்ளூ, அடர் சிவப்பு எல்லாம் அதிகம் சாயம் விடுவது இதனால். டர்க்காய்ஸ் நீலத்துக்கு இன்னொரு சிக்கல், அதன் மூலக்கூறு பெரிசு, அலசினாலும் சீக்கிரம் வெளியே வராது.

இங்கே திருப்பூரைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. தினமும் நாம் போடுகிற பனியன் துணியின் தலைநகரம் அது. அங்கே சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்தது பல வருஷப் பிரச்சினை. பாசனத்துக்காக நொய்யலில் கட்டின ஒரத்துப்பாளையம் அணை, கடைசியில் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகவே ஆனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் திறக்கலாம் என்ற நிலைமை. இன்று அங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடுகின்றன. அதற்கான செலவு ஒவ்வொரு மீட்டர் துணியிலும் சேர்கிறது.

அதாவது கடைசி ரெண்டு அலசல் எவ்வளவு காசு என்பது சாயம் ஏற்றுகிற எல்லோருக்கும் தெரியும். நல்ல பட்டறை அதைச் செய்கிறது. எந்த ஊரிலாவது ஒருத்தர் அதைச் சுருக்கினால், பட்டறையில் வெளியேற வேண்டிய சாயம் உங்க வீட்டு பக்கெட்டில் வெளியேறுகிறது. பாக்கி அலசலை நீங்க உங்க தண்ணீரில், உங்க நேரத்தில் செய்து முடிக்கிறீங்க. வீட்டில் ஒரு வெள்ளைச் சட்டை ரோஸ் ஆனால் திட்டு வாங்குவது துவைத்தவர்தான். பெரும்பாலும் அம்மா, மனைவி, இல்லைன்னா வீட்டு வேலைக்கு வரும் அக்கா. அந்தச் சாயத்தை அரைகுறையாக அலசி அனுப்பினவரை யாரும் திட்டுவதில்லை.

இதை அளக்க முடியாமலும் இல்லை. ஐஎஸ்ஓ 105 என்ற தொகுப்பில் சோதனை முறைகள் இருக்கு. சாயத்துணியின் ஒரு துண்டோடு ஒரு பட்டையைத் தைத்துத் துவைப்பார்கள். அந்தப் பட்டையில் கம்பளி, அக்ரிலிக், பாலியெஸ்டர், நைலான், பருத்தி, அசிட்டேட் என்று ஆறு வகை இழை வரிசையாக இருக்கும். எதில் எவ்வளவு கறை ஏறியது என்று சாம்பல் அளவுகோலோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண். 5 என்றால் துளியும் கறை இல்லை. 1 என்றால் மோசம். ஏற்றுமதி ஆர்டரில் வாங்குகிறவர் இதற்கு ஒரு எல்லை வைப்பார், தேறாவிட்டால் சரக்கு திரும்பும். நாம் கடையில் வாங்கும் சட்டையின் லேபிளில் இந்த மதிப்பெண் இருக்காது. "தனியாகத் துவைக்கவும்" என்று ஒரு வரிதான் இருக்கும்.

சாயம் போவதையே பெருமையாக விற்றதும் நம்ம ஊர்த் துணியைத்தான். 1950-களின் கடைசியில் மெட்ராஸ் கட்டம் போட்ட பருத்தித் துணி அமெரிக்காவுக்குப் போனது. குளிர்ந்த தண்ணீரில் மெதுவாகத் துவைக்கணும் என்ற எச்சரிக்கை வாங்கினவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. மெஷினில் போட்டார்கள், கட்டமெல்லாம் ஒன்றோடொன்று கலந்தது, புகார் வந்தது. அப்புறம் விளம்பரத்தில் அதையே திருப்பிப் போட்டார்கள்: சாயம் போகும் என்று உத்தரவாதம் தரும் துணி! ஒவ்வொரு துவையலிலும் புது நிறம் என்று அது ஃபேஷனே ஆகிவிட்டது. சாஃப்ட்வேரில் பிழையை வசதி என்று சொல்லி விற்கிற பழக்கத்துக்கு நாங்கள் முன்னோடி இல்லை என்று தெரிந்து எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஒரு துணியிலிருந்து இன்னொன்றுக்குப் போக என்ன வேணும்?

மூணு விஷயம் சேர வேண்டும். பிடிப்பில்லாத சாயம், அதை வாங்கிக்கொள்ளும் துணி, ரெண்டும் ஈரத்தில் சேர்ந்து கிடக்கும் நேரம்.

வாங்கிக்கொள்வதில் பருத்தியும் விஸ்கோஸும் தாராளம். வெள்ளை நைலான் இன்னும் மோசம், தண்ணீரில் மிதக்கிற சாயத்தையெல்லாம் வாரிக்கொள்ளும். பாலியெஸ்டர் இந்தச் சாயங்களை அவ்வளவாகச் சேர்க்காது. அதனால்தான் ஒரே லோடில் வெள்ளைப் பருத்தி பனியன் ரோஸ் ஆகும், பக்கத்தில் இருந்த வெள்ளைப் பாலியெஸ்டர் ஜெர்சி தப்பித்துவிடும்.

நேரம் என்பதைத்தான் நாம் கவனிக்காமல் விடுகிறோம். மெஷினில் நிறையத் தண்ணீர், தொடர்ந்த அசைவு, அரை மணி ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பக்கெட்டில் ராத்திரி முழுக்க ஊறவைத்தால்? கொஞ்சம் தண்ணீர், நெருக்கமான துணி, எட்டு மணி நேரம். சாயம் ஏறுவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறு இல்லை. துவைத்து முடித்த துணியை எடுக்காமல் மெஷினுக்குள்ளேயே சாயங்காலம் வரை விடுவதும் அப்படித்தான். ஈரத்துணி மேல் ஈரத்துணி அழுந்திக் கிடந்தால் திட்டுத் திட்டாகச் சாயம் ஏறும். நீங்க எத்தனை குவியலாகப் பிரித்தாலும் ஊறவைப்பதில் கவனம் இல்லை என்றால் பிரயோஜனம் இல்லை.

சூடும் சேர்ந்துகொள்ளும். 60 டிகிரி புரோகிராமில் விடும் சாயம் குழாய்த் தண்ணீரில் குறைவாகவே விடும். நம்ம ஊரில் பெரும்பாலும் சாதாரணத் தண்ணீரில் துவைப்பதால் அந்த அளவில் நமக்கு லாபம்.

கல் உப்பு, வினிகர்

புதுத் துணியைக் கல் உப்பு போட்ட தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். சாயப்பட்டறையிலும் உப்பு போடுகிறார்கள் என்பது நிஜம். அங்கே உப்பின் வேலை, சாயத்தைத் தண்ணீரிலிருந்து இழை பக்கம் தள்ளுவது. பிணைப்பை உண்டாக்குவது உப்பு இல்லை, அதற்குக் காரம் வேண்டும். ஆக வீட்டில் உப்புத் தண்ணீரில் ஊறும்போது சாயம் குறைவாக வெளியே வரலாம், பார்க்க "நின்னுடுச்சு" என்று தோன்றும். அடுத்த துவையலில் உப்பு இல்லை, மறுபடி வரும். வினிகர் பருத்தியில் இருக்கும் ரியாக்டிவ் சாயத்தைக் கெட்டிப்படுத்தாது. பிடிப்பில்லாத சாயத்தை உள்ளே வைத்துப் பூட்டப் பார்ப்பதைவிட, தனியாக ரெண்டு மூணு முறை அலசி வெளியேற்றிவிடுவதுதான் நிரந்தரத் தீர்வு.

அப்போ எப்படிப் பிரிக்கிறது?

வெள்ளை தனி. இந்த விதி மட்டும் இன்னும் சாகவில்லை. கருப்புச் சட்டையில் கொஞ்சம் நீலம் ஏறினால் யாருக்கும் தெரியாது. வெள்ளையில் அதில் நூறில் ஒரு பங்கு ஏறினாலும் தெரியும். ஒரே நாளில் ரோஸ் ஆவதுதான் ஆபத்து என்று நினைக்கிறோம், ஆனால் வெள்ளைக்கு நிஜ எதிரி ஒவ்வொரு வாரமும் கண்ணுக்குத் தெரியாமல் ஏறுகிற துளி. இருபது துவையல் கழித்துப் பழைய சட்டையைப் புதுசு பக்கத்தில் வைத்தால்தான் சாம்பல் தெரியும். அந்த நேயர் கணவரின் சட்டைக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். சொட்டு நீலம் போட்டால் மஞ்சள் தெரியாமல் மறையும், ஆனால் ஏறின சாயத்தை அது எடுக்காது.

புதுசு தனி. அடர் நிறப் பருத்தி, ஜீன்ஸ், உள்பாவாடை, நைட்டி, சிவப்புத் துண்டு, சுங்குடி, பாட்டிக் எல்லாம் முதல் மூணு துவையலுக்குத் தனியாகவோ, தங்களுக்குள்ளோ. கார்த்திகையில் மாலை போடும் வீட்டில் கருப்பு வேட்டி, மேல்மருவத்தூர் போகிறவர்கள் வீட்டில் சிவப்புப் புடவை, இது ரெண்டும் சந்தேகமே வேண்டாம். ஒரு சீசனுக்கென்று மலிவாக வாங்குகிற அடர் நிறத் துணி, அந்த சீசன் முழுக்கத் தனியாகவே இருக்கட்டும்.

மற்றதெல்லாம் ஒன்றாக. பழகின துணி, பாலியெஸ்டர், கலப்புத் துணி எதுவாக இருந்தாலும் சிவப்பையும் பச்சையையும் பிரிக்கத் தேவையில்லை. பட்டும் கம்பளியும் இந்தக் கணக்கில் வராது, அதற்கு வேறு முறை.

சந்தேகம் வந்தால் சோதித்துப் பாருங்க. ஐஎஸ்ஓ எல்லாம் வேண்டாம். துணியின் உள்தையல் பக்கம் ஒரு மூலையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, மேலே ஒரு வெள்ளைப் பருத்திக் கைக்குட்டையை வைத்து நல்லா அழுத்தித் தேயுங்க. கைக்குட்டையில் நிறம் வந்தால் அந்தத் துணி இன்னும் தள்ளி இருக்கணும். வரவில்லை என்றால் கூட்டத்தில் சேர்க்கலாம். ஒரு நிமிஷ வேலை. நிறத்தைப் பார்த்து ஊகிப்பதற்கும் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நாலு லோடை ரெண்டாக்குவதில் தண்ணீரும் மிச்சம். டாப் லோடு மெஷின் ஒரு முழு வாஷுக்கு 100 லிட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். ஃப்ரண்ட் லோடு ஏறக்குறைய அதில் பாதி. 2019 கோடையில் சென்னையில் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு ரெண்டு லோடு தண்ணீரின் மதிப்பை நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைகளில் கலர் துணிக்கென்று விற்கும் லிக்விட் சிலவற்றில், மிதக்கும் சாயத்தைப் பிடித்துத் தண்ணீரிலேயே நிறுத்திவைக்கிற பாலிமர் சேர்க்கிறார்கள். சாயம் உறிஞ்சும் தாள்களும் கிடைக்கின்றன. ரெண்டும் வேலை செய்யும், ஆனால் ஓரளவுக்குத்தான். கொஞ்சமாகக் கசியும் சாயத்துக்கு அது குடை. புதுக் கருப்பு வேட்டி விடுகிற சாயத்துக்கு முன்னால் நிற்காது.

ஏறிட்டா என்ன செய்றது?

முதல் விஷயம், காயவிடாதீங்க, இஸ்திரி போடாதீங்க. ஈரமாக இருக்கும்போதே சாயம் விட்ட துணியை எடுத்துவிட்டு, மற்றதை உடனே மறுபடி துவையுங்க. பெரும்பாலும் பாதிக்கு மேல் போய்விடும். மிச்சம் இருந்தால், வெள்ளைப் பருத்தியை ஆக்சிஜன் ப்ளீச் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைக்கலாம். குளோரின் ப்ளீச்சைக் கலர் துணி மேல் ஊற்றாதீங்க. ஏறின சாயத்தோடு சொந்தச் சாயமும் போய்விடும்.

கடைசியாக, யார் துவைத்தாலும், ஒரு சட்டையில் சாயம் ஏறிவிட்டால் திட்டுவதற்கு முன்னால் சாயம் விட்ட துணியை எடுத்துப் பாருங்க. எங்கே வாங்கினோம், எப்போ வாங்கினோம் என்று யோசிங்க. முடிந்தால் பில்லோடு கடைக்கே கொண்டுபோய்க் கேளுங்க. கேள்வி அங்கே போய்ச் சேர்ந்தால்தான் அந்தக் கடைசி ரெண்டு அலசலை யாராவது ஒழுங்காகச் செய்வார்கள்.

அடுத்த எபிசோடில் இன்னொரு வீட்டுச் சண்டையோடு வருகிறேன். உங்க வீட்டுச் சண்டை ஏதாவது தீர்க்கணும்னா வாய்ஸ் நோட் அனுப்புங்க.